புளி போட்டுத் துலக்கிய அமெரிக்கக் காசு

சென்னை
7.6.1999

அன்புள்ள அப்பாவுக்கு, பிரேமோட வணக்கமுங்க. நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்குதுங்க? கொல்லிமலையில மழை பிடிச்சுதுங்களா?

மாமா கொண்டுவந்த காசு கெடச்சுது. இனி வர்ற பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டாதீங்க.

தாத்தா பெட்டியில கருத்துக் கெடந்த அந்த அமெரிக்கச் செப்புக்காசை அம்மா புளி போட்டுத் தேய்ச்சு அனுப்பியிருக்குது. காசுல இருக்கிற, இருநூறு வருசமாத் தலை சீவாத அந்தப் பொம்பளை, கல்யாணத்துக்குக் கிளம்பினவ மாதிரி பளபளன்னு வந்து இறங்கினா. எங்க பழங்காசுக் கடை முதலாளி லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டுத் தலையில கை வெச்சுட்டாரு. "அசல்தான்டா. ஆனா அந்தக் கருப்புக்குத்தான்டா விலை. தேய்ச்ச காசைச் சேகரிக்கிறவன் எவனும் தொடமாட்டான்"னு சொல்லிட்டாரு. அதை வித்துத் தங்கச்சி பூங்குழலியை நர்சிங் சேர்க்கலாம்னு இருந்தோம். இப்ப எனக்கு ஒன்னும் ஓடலீங்க.

அம்மா வறுத்து அரைக்கிற மிளகுப்பொடி கொஞ்சம் அனுப்புங்க. இங்க மெஸ் ரசத்துல மிளகைத் தேட போலீஸ் நாய்தான் வரணும். உங்க பழைய துண்டு ஒன்னும் வேணுமுங்க, ராத்திரி கொசுவுக்குப் போத்திக்க.

முதலாளி கூப்பிடுறாரு. காசு எப்படி இருந்துச்சுன்னு அம்மா கேட்கும். கடையிலேயே அதுதான் பளிச்சுனு இருந்துச்சாம்னு சொல்லிருங்க. பொய் இல்லீங்களே.

பிரேம்