அபஸ்வர வைத்தியம்

மார்ச் 4

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு ஒன்பது நாள். என் வீட்டுக்காரரிடம் இப்போது இருக்கும் ஒரே வார்த்தை 'நாளைக்கு'. பக்கவாதம் வந்து மற்ற எல்லா வார்த்தைகளையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. காபி வேணுமா? நாளைக்கு. பாத்ரூம் போகணுமா? நாளைக்கு. நாம் பேசுவது எல்லாம் புரிகிறது, பதில்தான் வரவில்லை. சொட்டும் குழாயைப் பற்றி எப்போது கேட்டாலும் முப்பது வருஷமாக இதே பதில்தான் என்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சும்மா எழுதுகிறேன். வித்தியாசம் தெரிகிறது.

மார்ச் 7

மகள் போன் செய்தாள். "நீ பஸ் ஓட்டப் போயிட்டா, அப்பா விழுந்தா யாரைக் கூப்பிடுவார்? வேலையை விட்டுடும்மா. இல்லேன்னா அவரை நான் கூட்டிட்டுப் போறேன்."

என் விடுப்பு மே மாதத்தோடு முடிகிறது. பதினேழு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன். அதை விடவும் மனசில்லை, இவரை அனுப்பவும் மனசில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம்: மே முடிவதற்குள் அவர் தானாகப் போன் செய்து உதவி கேட்டுவிட்டால், மகள் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். மூன்று மாதம் கூட இல்லை.

மார்ச் 12

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தார். ஆள் ஒல்லி, பை பெரிசு. "பேசற பக்கம் அடிபட்டிருக்கு. பாட்டுன்னா மூளையோட மறுபக்கமும் கை கொடுக்கும். அதனால பாடிப் பேச வைப்போம்" என்றார். இவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டே 'தண்-ணி வே-ணும்' என்று இரண்டே சுரத்தில் பாடிக் காட்டினார். ஒரு தட்டுக்கு ஓர் அசை. "வீட்டுல தினமும் ரெண்டு வேளை நீங்க பாடணும்."

நானா? இவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவர். மயிரிழை பிசகினாலும் முகம் சுளிக்கிற காது. கல்யாணமான மாதமே என்னிடம் கேட்டுக்கொண்டார்: "நீ குளிக்கும்போது மனசுக்குள்ள பாடேன்." அன்றிலிருந்து மனசுக்குள்தான்.

மார்ச் 13

பாடினேன். கண்ணை மூடிக்கொண்டார். ரசனையால் அல்ல.

மார்ச் 18

குறுக்கு வழி பிடித்தேன். பயிற்சிப் பெண்ணின் குரலைப் போனில் பதிவு செய்து அதையே ஓட விடுகிறேன். என்ன குரல், தேன். இவரும் தலையாட்டிக் கேட்கிறார். கேட்டு முடித்ததும் தூங்கிவிடுகிறார். ஆறு நாளாக ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 22

காலையில் போனில் சார்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல் நானே பாடினேன். நான்காவது தடவை அவர் என் பிடியிலிருந்து கையை உருவி, என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். 'ணும்' எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்று முனகிக் காட்டினார். நான் மறுபடி தப்பாகப் பாடினேன். மறுபடி முனகினார். அதற்கும் நான் திருந்தவில்லை. பொறுமை போய், வாயைத் திறந்து, "வே-ணும்" என்றார்.

வார்த்தையோடு. நிஜமான வார்த்தையோடு.

நான் ஓவென்று அழுதேன். அவர் அழவில்லை. இத்தனைக்குப் பிறகும் எனக்குச் சுரம் பிடிபடவில்லையே என்ற கடுப்பில் இருந்தார்.

மார்ச் 24

விஷயத்தைக் கேட்டு பயிற்சிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் பதிவை அழிச்சிடுங்க. நீங்க இப்படியே பாடுங்க. தயவு செஞ்சு திருந்திடாதீங்க."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் சங்கீதப் பாராட்டு.

ஏப்ரல் 6

மகள் வைத்த தேர்வுக்கு மூன்று வாக்கியங்கள்: 'விழுந்துட்டேன்', 'தலை சுத்துது', 'கீழ வாங்க'. மாடியில் ஓய்வு பெற்ற நர்சம்மா இருக்கிறார், போன் அவருக்குத்தான் போக வேண்டும். இரண்டு வேளை பாடி, இரண்டு வேளை திட்டு வாங்குகிறேன். திட்டெல்லாம் புருவத்தால்தான்.

ஏப்ரல் 19

வினை வந்தது. எனக்குப் பாட வந்துவிட்டது.

நாலு வாரம் விடாமல் திருத்தினால் கழுதைக்கும் வரும். 'தலை சுத்துது' அப்படியே போய் அந்தச் சுரத்தில் உட்கார்ந்தது. அவர் திருப்தியாகத் தலையசைத்து, வாயை மூடிக்கொண்டார். வேண்டுமென்றே தப்பாகப் பாடிப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார், சிரிக்கிறார். சிரிப்பு மட்டும்தான் வருகிறது. இப்போது என்ன செய்ய?

ஏப்ரல் 21

பயிற்சிப் பெண்ணின் யோசனை: "முழுசாப் பாடாதீங்க. பாதியில நிறுத்துங்க."

'தலை சுத்...' என்று நிறுத்தினேன். ஜன்னலைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். மெட்டு அந்தரத்தில் நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. "...து-து" என்று அவரே கொண்டுபோய் முடித்தார். நாளுக்கு நாள் நான் சீக்கிரம் நிறுத்தினால் போதுமாம்.

மே 3

'கீழ' என்பதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் முழுவதையும் பாடி முடித்தார்.

மே 20

எல்லாம் போச்சு. காலையிலிருந்து 'நாளைக்கு' மட்டும்தான். தலையணையை விட்டெறிந்தார். நானும் கத்தினேன் — நான் மட்டும் என்ன மரமா, எனக்கும் முடியலைன்னு. அப்புறம் குளியலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். வேலை போனால் போகட்டும். இவரோடு சண்டை கூடப் போட முடியவில்லையே, அதுதான் தாங்கவில்லை. ஒருத்தியாக எத்தனை நேரம் சண்டை போடுவது?

மே 22

தேறிவிட்டார். களைப்புதான் என்று பயிற்சிப் பெண் சொன்னார். பயிற்சி பழையபடி நடக்கிறது.

மே 31

தேர்வு. மகள் வந்து அடுத்த அறையில் ஒளிந்துகொண்டாள். நான் வாசலுக்கு வெளியே. அவர் இடது கையால் போனை எடுத்து, நர்சம்மாவின் படத்தை அழுத்தி, மடியில் தட்டிக்கொண்டே, "த-லை சுத்-து-து. கீ-ழ வாங்-க" என்று பாடினார். சுத்தமான சுருதி.

எல்லாருக்கும் எல்லாம் சொன்ன நான், இது தேர்வு என்பதை நர்சம்மாவுக்குச் சொல்ல மறந்திருந்தேன். ரத்த அழுத்தக் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்து அளந்து பார்த்தால், அழுத்தம் நர்சம்மாவுக்குத்தான் எகிறியிருந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, பஸ்ஸை ஓட்டு" என்றாள்.

ஜூன் 3

முதல் நாள் வேலை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் கை தானாகப் பழைய நினைவுக்கு வந்துவிட்டது. மனசுதான் வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வீட்டு ஞாபகம். மதியம் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் போன் அடித்தது. வீட்டிலிருந்து. விழுந்துவிட்டாரா, தலை சுற்றுகிறதா என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"சாப்... சாப்பிட்டியா?"

மெட்டு இல்லை. தட்டு இல்லை. கரகரவென்று, வெறும் பேச்சு.

"ஆச்சு" என்றேன். சாப்பாட்டு டப்பா இன்னும் பையிலேயே இருந்தது.

"பொய்" என்றார் அவர்.

இந்த இரண்டு வார்த்தையையும் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்தேன்.