முகமூடிக்குள்ளிருந்து மூன்று தட்டு

என் அன்பு மச்சானுக்கு,

"பயந்தாங்கொள்ளி மாப்ள" என்று நீங்கள் கூப்பிடுவீர்களே, அதே சரவணன்தான் எழுதுகிறேன். நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் முதல் வருசத் திதி. அன்றைக்கு உங்கள் போட்டோவுக்கு முன்னால் வந்து நான் கும்பிட வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எப்படிக் கும்பிடுவது? அதனால்தான் முன்கூட்டியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல சேதி. நம் படம் முடிந்துவிட்டது. பல்லியைப் பார்த்தால் கட்டிலில் ஏறிக்கொள்கிற நான், வரிசையாக ஆட்களைக் கொல்கிற படம் ஒன்றை எடுத்து முடித்துவிட்டேன். மலைப்பக்கம் சுற்ற வருகிற ஐந்து காலேஜ் பிள்ளைகள், அவர்களை ஒவ்வொருவராகப் பிடிபோட்டு நெரிக்கிற முகமூடி மல்யுத்தக்காரன். அவனாக நடித்ததும் நீங்கள்தான், கருமல்லன் என்று பேர் வைத்ததும் நீங்கள்தான். பேர் வைத்துவிட்டு நீங்களே சிரித்தீர்கள்.

ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை, மச்சான். கே.கே. நகர் ஜிம்மில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு "மெதுவாம்மா, இடுப்பு பிடிச்சுக்கிரும்" என்று சொல்லிக்கொடுத்த ஆளா கொலைகாரன் என்று கேட்டார்கள். நீங்கள் ஒவ்வொரு கொலைக்கும் பிறகு, "வலிச்சுச்சாம்மா? தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டதையும், சீனிப்பாகும் கேசரிப் பொடியும் கலந்த ரத்தத்துக்கு எறும்பு மொய்த்து நீங்கள் துள்ளியதையும் நம் கேமராமேன் ரபீக் தனியாக வெட்டி வைத்திருக்கிறான். அதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் அதை மூடிவிடுகிறேன்.

எல்லாரும் இருட்டுக்குப் பயப்படுவார்கள். எனக்கு உச்சிவெயிலைக் கண்டால் பயம். பன்னிரண்டு மணிக்கு மேல் நான் வெளியே போவதில்லை. லைட்டு வாடகைக்கு எடுக்க வழியில்லாமல், ராத்திரிக் காட்சியை எல்லாம் பட்டப்பகலில் எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில் இருட்டாக்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் புத்திசாலித்தனம் என்னுடையது. முகமூடிக்குக் கருப்பு ரெக்சின் துணிதான் வேண்டும், வெயிலில் மினுங்கினால் இருட்டாக்கும்போது நிலா வெளிச்சம் பட்ட மாதிரி இருக்கும் என்று அக்காவிடம் அடம்பிடித்ததும் நான்தான்.

அக்கா அந்த முகமூடியைத் தைத்த நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் டேப்பைத் தலையைச் சுற்றிப் பிடித்தாள். குஸ்தியில் அடிபட்டு வீங்கிக் கெட்டியாகிப்போன உங்கள் இடது காதுக்காகத் தனியாகப் புடைப்பு விட்டாள். "இந்த முட்டைக்கோஸ் காதுக்கு மட்டும் அரை மீட்டர் துணி போகுது" என்று கிண்டல் செய்தாள். நீங்கள் வாயில் சோற்றோடு தரையில் மூன்று தட்டு தட்டினீர்கள். "சரி, விட்டுட்டேன், சாப்பிடுங்க" என்றாள்.

அந்த மூன்று தட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

முதல் நாள் ஷூட்டிங்கில் எல்லாரையும் உட்காரவைத்து நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "இங்க பாருங்க, நீங்க கத்துவீங்க, விட்டுருன்னு கெஞ்சுவீங்க. எது நடிப்பு, எது நெசம்னு எனக்குத் தெரியாது. அதனால நெசமாவே வலிச்சா உள்ளங்கையால மூணு தட்டு. தரையில தட்டுங்க, என் மேல தட்டுங்க. அடுத்த நொடி விட்டுருவேன். கோதாவுல இதுதேன் சட்டம்."

ஒரு நாள் ரொம்ப நன்றாக வந்துகொண்டிருந்த ஷாட்டில் ஒரு பையன் தட்ட, நீங்கள் சட்டென்று விட்டுவிட்டீர்கள். நான் குடையை வீசிவிட்டுக் கத்தினேன். "இன்னும் பத்து செகண்டு பிடிச்சிருந்தா என்ன மச்சான்?" நீங்கள் முகமூடியைக் கழற்றி, வேர்வையை வழித்துவிட்டு, "தட்டுனா விடணும் மாப்ள. அதுக்கு மேல ஒரு படமும் கிடையாது" என்றீர்கள். அப்போதாவது என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

கடைசி நாள். கீழக்குயில்குடி மலைக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டை ஒட்டிய பாறை. கருமல்லன் சாகிற காட்சி. கதாநாயகி தெர்மோகோல் கல்லால் அடிக்க வேண்டும், நீங்கள் பாறையில் விழுந்து கிடக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் டேக்கில் கல் உடைந்துவிட்டது. இரண்டாவது டேக்கில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மூன்றாவதுக்கு முன்னால் நீங்கள், "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு மாப்ள, சூடு போல" என்றீர்கள். "இதோட முடிஞ்சிரும் மச்சான்" என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டீர்கள்.

விழுந்தீர்கள். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு உங்கள் வலது கை பாறையில் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான் குடைக்கடியில் மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் புல்லரித்துப்போனது, மச்சான். இத்தனை பேரைக் கொன்றவன் கடைசியில் தான் தட்டுகிறான், விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான், என்ன யோசனை, என்ன நடிப்பு என்று நினைத்தேன். ரபீக்கைப் பார்த்து, நிறுத்தாதே என்று சைகை காட்டினேன். அந்தச் சட்டம் அடிவாங்குகிறவர்களுக்கு என்றுதான் எங்கள் எல்லார் மனதிலும் இருந்தது. முகமூடிக்குள் இருப்பவரும் தட்டலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிறகு யாருக்கும் தெரியாமல் நான் அளந்து பார்த்தேன். மூன்றாவது தட்டுக்கும் நான் "கட்" சொன்னதற்கும் நடுவில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கட் சொன்னதும் எல்லாரும் கைதட்டினோம். அந்தக் கைதட்டல் உங்கள் காதில் விழுந்ததா, மச்சான்?

ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். அந்த ஒரு நிமிடம் முன்னால் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்.

ஆனால் அதைவிடப் பெரிய தப்பை அதற்கப்புறம்தான் செய்தேன். உங்கள் துணிமணியோடு முகமூடியையும் அக்கா கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்குக்கிட்ட இருக்கும் ஓட்டையில் விரலை விட்டாள். "இம்புட்டுச் சின்ன ஓட்டையில மனுசன் எப்படிடா மூச்சு விடுவாரு? நாந்தேன்டா கொன்னுட்டேன்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை அக்கா என்று சொன்னால் பிறகு யார் என்று கேட்பாளே! அதனால் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். அன்றைக்குத் தையல் மிஷினை மூடியவள்தான். மேலே உங்கள் ஜிம் துண்டு கிடக்கிறது. பதினோரு மாதமாக ஒரு பட்டன்கூடத் தைக்கவில்லை. தெருப் பிள்ளைகள் ஜாக்கெட்டோடு வந்தால், "என் கையி ராசியில்லம்மா" என்று திருப்பி அனுப்புகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு அவள் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன். எப்படிப்பட்ட ஜென்மம் பாருங்கள் நான்!

ஆனால் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பசுமலை ஸ்டாப்பில் கண்டக்டர் பஸ்சின் பக்கவாட்டில் தட்டினால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். யாராவது கதவைத் தட்டினால் எத்தனை தட்டு என்று எண்ணுவேன். இரண்டோடு நின்றால்தான் மூச்சு வரும்.

போன மாதம் படத்தை வாங்குவதற்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். முழுதும் பார்த்தார். கடைசி ஷாட்டில் எழுந்தே நின்றுவிட்டார். "பிரதர், அந்தத் தட்டு இருக்குல்ல, அதுதான் படம். டிரெய்லரே அதுலதான் முடியணும்" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

அவர் போனதும் ரபீக் கம்ப்யூட்டர் முன்னால் அப்படியே இருந்தான். திரையில் அந்தச் சுடுபாறை, ராத்திரியாக மாற்றியதில் நீலமாக, குளிர்ந்து கிடந்தது. கல்யாண வீடியோ எடுத்தே இதுவரை பிழைத்த ஆள், எத்தனை வீட்டு அழுகையைப் பார்த்திருப்பான். "அண்ணே, எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றான். பதினோரு மாதத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசியது அன்றைக்குத்தான். "உசிரு போயி மவுத்தாகுற மனுசன் தட்டுனதக் காட்டி நாம கைதட்டு வாங்கணுமா? நாளைக்கு அல்லாகிட்ட நான் என்னண்ணே சொல்லுவேன்? கேமராவுல கண்ண வச்சிருந்தவன் நான்."

டிரெய்லர் வந்தால் அக்கா போனில் பார்த்துவிடுவாள். பார்த்த அடுத்த நொடி அவளுக்குத் தெரிந்துவிடும். எத்தனை சண்டையில் அடுப்பு மேடையில் நீங்கள் மூன்று தட்டு தட்டி அவள் விட்டிருக்கிறாள்! உங்கள் தட்டை அவளைவிட யாருக்குத் தெரியும்?

அதனால் போன செவ்வாய்க்கிழமை, நல்ல உச்சிவெயிலில், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இருட்டாக்காத, வெயிலோடு இருக்கும் ஷாட்டைத்தான் கொண்டுபோனேன். "அக்கா, ஒண்ணு பாக்கணும். பாத்துட்டு என்னைய என்ன வேணாலும் செய்யி" என்றேன். மிஷின் மேலிருந்த துண்டின் மீதே லேப்டாப்பை வைத்தேன்.

பார்த்தாள். மூன்றாவது தட்டு விழுந்ததும் அவள் வாய், "விட்டுட்டேன்" என்று தன்னால் முணுமுணுத்தது. பிறகு அந்த ஒரு நிமிடத்தையும் பார்த்தாள். என் குரல் "கட்" என்று கேட்டது. கைதட்டல் கேட்டது.

என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மிஷின் டிராயரைத் திறந்து முகமூடியை எடுத்தாள். எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

பூப்போட்ட நைட்டி, தோளில் அவள் எப்போதும் போடும் துண்டு, அதற்கு மேலே கருமல்லனின் முகம். உங்கள் காதுக்காக விட்ட புடைப்பு இடது பக்கம் காலியாக நின்றது. உள்ளேயிருந்து மூச்சு மட்டும் கேட்டது. இழுத்தாள், விட்டாள். கண்ணுக்கு விட்ட இரண்டு ஓட்டை வழியாக என்னையே பார்த்தாள். வாசலில் வெயில் கொளுத்துகிறது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, என் கூடப் பிறந்தவள்தான் முன்னால் நிற்கிறாள். எனக்குக் குலை நடுங்கிவிட்டது, மச்சான். இந்தப் படத்துக்காக நான் யோசித்து யோசித்து வைத்த எந்தக் காட்சியும் அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் வராது. "அக்கா" என்றேன். ஒரு அடி முன்னால் வைத்தாள். நான் பின்னால் போய்ச் சுவரில் முட்டி, அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். என் கை தானாகத் தரையில் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

உடனே கழற்றிவிட்டாள்.

வேர்த்து ஊற்றிய முகத்தோடு குனிந்து என்னைப் பார்த்தாள். "பாத்தியா? தட்டுன, விட்டுட்டேன். அம்புட்டுத்தேன்டா. இதுக்கு என்னத்தப் படிச்சுட்டு வரணும்?" என்றாள். பிறகு முகமூடியைத் திருப்பி மூக்குக்கிட்ட இருந்த ஓட்டையைத் தடவினாள். "மூச்சு நல்லா வருதுடா. நான் சரியாத்தேன் தச்சிருக்கேன்." அதைச் சொல்லும்போதுதான் உடைந்தாள். மிஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். நான் தேற்றப் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

கடைசியில், "வெளிய போடா" என்றாள். வந்துவிட்டேன். இதுவரை போன் இல்லை.

சென்னைக்காரரிடம் அந்த ஷாட் படத்தில் வராது என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் படமே வேண்டாம் என்று வைத்துவிட்டார். பரவாயில்லை. ரபீக் வேறு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். இடைவேளையில் முகமூடியைக்கூடக் கழற்றாமல் நீங்கள் டீக்கடையைப் பார்த்து நடந்து போகிறீர்கள், கையை வீசிக்கொண்டு. சும்மா ஓடிக்கொண்டிருந்த கேமராவில் பதிந்தது. அதை இருட்டாக்கிக் கடைசியில் வைத்துவிட்டோம். கருமல்லன் சாகவில்லை, எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான் என்று பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். படம் முழுவதிலும் நான் பயப்படாமல் பார்ப்பது அந்த ஒரு ஷாட்டைத்தான்.

அந்தப் பாறை ஷாட்டை யார் கண்ணிலும் படவிடமாட்டேன், மச்சான். இனிமேல் நான் நிற்கும் இடத்தில், கொல்கிறவனோ சாகிறவனோ, யார் தட்டினாலும் கேமரா நிற்கும். அது நடிப்பா நிஜமா என்று கேமராவை நிறுத்தியபிறகு கேட்டுக்கொள்கிறேன்.

திதிக்கு வருவேன். அக்கா கூப்பிடுவாளா என்று தெரியாது. கூப்பிடாவிட்டாலும் வந்து, வாசலில் நின்று, கதவில் மூன்று தட்டு தட்டுவேன். திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம். திறக்கும்வரை நிற்பேன்.

உங்கள் மகேசுவின் தம்பி,
உங்கள் பயந்தாங்கொள்ளி மாப்ள
சரவணன்