என் டீயை நேர்ந்துவிட்டாள்

13-1-57, ஞாயிறு

உடையப்பன் இன்றைக்கும் அந்தத் துணிப்பையைப் பிழிந்து ஒரு கிளாஸை என் முன்னால் வைத்தான். பஸ் ஸ்டாண்டில் என் டைம் கீப்பர் அறைக்கும் அவன் டீக்கடைக்கும் நடுவில் ஒரு தட்டிதான். காலையில் போட்ட தூளையே மூன்று மணிக்கும் பிழிகிறான். "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கவும் செய்கிறான். கசாயம் நல்லா எறங்கியிருக்கு, சுக்குதான் குறைச்சல் என்றேன். சிரிக்கிறான். ரோசமே கிடையாது அவனுக்கு.

காலையில் வீட்டில் நான் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போன நாக்கு இது. அதற்கு இந்தத் தண்டனை.

பொன்னமராவதியில் டீ குடிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று எழுதினால் திமிர் என்பார்கள். எழுதுகிறேன். இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஸ்டோரில் ஆறு வருசம் கணக்கு எழுதிவிட்டு 49-ல் திரும்பினேன். ஒரு டிரங்குப் பெட்டியும் இந்தப் பழக்கமும்தான் மிச்சம். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்பு. டீ கறுத்துப்போய் மேலே ஆடை கட்டும். ஊருணித் தண்ணீர்தான் வேண்டும். அதற்காக விடியக்காலை நானே குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன். "என்ன டைம் கீப்பரே, வீட்டுல அவளுக்கு முடியலையா?" என்று அங்கே தண்ணீர் எடுக்க வரும் மருதாயி தினம் கேட்கிறாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

முதல் கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். பீங்கான் கூஜாவில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிக் கொட்டி, அந்தச் சூட்டிலேயே இலையைப் போட வேண்டும். மேலே தண்ணீரை ஊற்றி மூடி, துண்டைச் சுற்றி, பேசாமல் காத்திருக்க வேண்டும். அந்த நாலு நிமிசம் இருக்கிறதே - மூடி ஓரத்தில் வாசம் கசிய ஆரம்பிக்கும். குடிப்பதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும் என்றுகூடத் தோன்றும். பிறகு ஒரு கரண்டிப் பால், அரைக் கரண்டிச் சீனி. புதிதாகச் சுட்ட ஓட்டு நிறம் வந்தால் சரி.

அந்தப் பத்து நிமிசம் வீட்டில் யாரும் என்னோடு பேசக்கூடாது. "சாமி கும்பிடுறப்பக்கூட நீங்க இப்படிக் கண்ணை மூடி நான் பார்த்ததில்ல" என்றாள் என் பொண்டாட்டி செவந்தி. உண்மைதான். சாமி எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

8-2-57

சொர்ணத்துக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஸ்கூலில் வெயிலில் ஆடியிருப்பாள். கம்பவுண்டர் கொடுத்த மருந்தைத் துப்பிவிட்டாள். ஆறு வயசுக்கு என்ன பிடிவாதம். என் பிள்ளைதான்.

11-2-57

அம்மை. முகத்தில், மாரில், உள்ளங்கையில்.

வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். வேலைக்கு வரவேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். தாளிப்பு கிடையாது, விருந்தாளி கிடையாது, யாரும் சத்தமாகப் பேசவும் கூடாது.

போன வருசம் ஸ்கூலுக்கு அம்மை குத்த வந்தபோது இவள் பயந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சரி அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது யார்? நான்தான். செவந்தி கூட்டிக்கொண்டு போங்க என்றுதான் சொன்னாள்.

16-2-57

கண் திறக்கவில்லை. என்னைத் தெரியவில்லை.

18-2-57

அப்படியேதான்.

21-2-57

தண்ணி கேட்டாள்! "அப்பா, தண்ணி." இரண்டு வார்த்தை. வாசலுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இந்தப் பத்து நாளில் டீ ஞாபகமே வரவில்லை. இன்றைக்குத்தான் வந்தது.

3-3-57, ஞாயிறு

அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாவது தண்ணீரும் ஊற்றியாயிற்று. முகமெல்லாம் தழும்பு, கண் இரண்டும் நன்றாக இருக்கிறது. போதும். எழுந்து நடக்கிறாள், சோறு கேட்கிறாள்.

நானும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு குடத்தை எடுத்தேன். ஊருணியிலிருந்து வந்து அடுப்பை மூட்டிக் கூஜாவைக் கழுவினேன். செவந்தி வந்து கூஜாவின் மேல் கையை வைத்தாள்.

"வேண்டாங்க. நேந்துக்கிட்டிருக்கேன்."

என்னத்தை?

"புள்ள பொழைச்சு எந்திரிச்சா, அவ அப்பா ஒரு வருசம் டீ குடிக்க மாட்டாருன்னு கொன்னையூர் ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அவள் வேண்டிக்கொண்டாள். நான் குடிக்கக்கூடாது. ஆட்டை நேர்ந்துவிடுவதுபோல என் டீயை நேர்ந்துவிட்டிருக்கிறாள். ஆட்டிடமாவது தலையில் தண்ணீர் தெளித்துச் சம்மதம் கேட்பார்கள்.

4-3-57

சண்டை. தெருவுக்கே கேட்டிருக்கும்.

உன் முடியை நேந்துக்க வேண்டியதுதான, என்னைக் கேட்டியா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"முடி போனா மொளைக்கும். பிரியமானதக் குடுத்தாத்தான் ஆத்தா கேப்பா. இந்த வீட்டுல பிரியமானது எதுன்னு பார்த்தேன். ஒங்க டீதான் இருந்துச்சு."

ஏன், ஒனக்குப் பிரியமானது ஒண்ணும் இல்லையா?

"எனக்குன்னு என்னங்க இருக்கு, குடுக்கிறதுக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டேன். அங்கே உடையப்பன் கிளாஸை நீட்டுகிறான்.

19-3-57

தலைவலி. பதினாறாம் நாள். திருச்சி வண்டி ஆறு நிமிசம் லேட் என்று டிரைவர் பிச்சையைக் கண்டபடி பேசிவிட்டேன். "டீ குடிக்காத மனுசன்கிட்டப் பேசக்கூடாதுப்பா" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் உடையப்பன் சொல்கிறான். ஊருக்கே தெரிந்துவிட்டது.

2-4-57

காப்பி குடித்துப் பார்த்தேன். காப்பி காப்பியாக இருக்கிறது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

11-5-57

சரி, யோசித்துப் பார்க்கிறேன். குடித்தால் என்ன ஆகும்? அம்மை கிருமியால் வருவது. குத்திக்கொண்டால் வராது, ஒரு தடவை வந்தாலும் மறுபடி வராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பேப்பர் படிக்கிறவன். அப்புறம் ஏன் குடிக்கவில்லை? செவந்திக்குப் பயந்தா? இல்லை. குடித்த மறுநாள் அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால்கூட - இதை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

படித்த முட்டாள்.

14-6-57

அட்டனிலிருந்து ஊருக்கு வந்த ஞானமணி ஒரு ராத்தல் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். எஸ்டேட்டில் கூட வேலை பார்த்தவர். மலை உச்சி இலை, இந்த வருசத்துச் சரக்கு. வந்தவருக்கு நான்தானே போட்டுக் கொடுக்க வேண்டும்? போட்டேன். மூடியைத் திறந்தபோது வந்த வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கை மாறலைங்க ஒங்களுக்கு" என்றார். நீங்க எடுத்துக்கலையா என்று கேட்டார். வயித்துல புண்ணு என்றேன். பொய். பொண்டாட்டி நேர்ந்துவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வது?

அவர் போனபின் கிளாஸ் அடியில் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செவந்தி பின்னால் நின்றது தெரியாது. கிளாஸை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். வெட்கமாகப் போய்விட்டது.

9-8-57

நேற்று அவள் பரிதாபப்பட்டு மோரில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். ஒன் மோரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். தரையெல்லாம் மோர். நான் இப்படி இருந்தவனில்லை.

24-10-57, வியாழன்

குடித்துவிட்டேன்.

கம்பெனி வேலையாகத் திருச்சி போய்த் திரும்பி வரும்போது கொடும்பாளூரில் வண்டி நின்றுவிட்டது. பிச்சைதான் டிரைவர். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். ஐப்பசி மழை, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது, பல் கிட்டிப்போனது. எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை. பிச்சை இரண்டு கிளாஸை வாங்கிவந்து ஒன்றை என் கையில் திணித்தான். "குடிங்கண்ணே, இங்கிட்டு யாரு பார்க்கப் போறா?"

சூடு கையில் ஏறியது. குடித்துவிட்டேன். முழுசாக.

அதுவும் எப்படிப்பட்ட டீ! வெல்லத்தைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, புகை வாசத்தோடு - உடையப்பன் கடை டீ இதற்கு அமிர்தம். ஏழே முக்கால் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் இந்தக் கழனித் தண்ணீருக்கா விழ வேண்டும்? பெட்டியில் மலை உச்சி இலை கிட்டத்தட்ட ஒரு ராத்தல் இருக்கிறது. தப்புப் பண்ணுவதற்கும் ஒரு தராதரம் வேண்டாமா?

25-10-57

காலையில் சொர்ணத்துக்குக் காய்ச்சல்.

26-10-57

இறங்கவில்லை. டூட்டிக்குப் போகவில்லை. தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், கொப்புளம் உண்டா என்று. ஒரு தடவை வந்தால் வராது. வராது. தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கொன்னையூர் இருக்கிற திசையைப் பார்த்து - யாரும் பார்க்கவில்லை - கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

28-10-57

சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். மழையில் ஆடியிருக்கிறாள். பாதித் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் என்கிறார் கம்பவுண்டர். ரசம் ஊற்றி இரண்டு தட்டு சோறு தின்றாள்.

நான் குடித்ததற்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் செய்த தப்புக்கு ஒரு வழி வேண்டும். கொடும்பாளூரில் குடித்தது ஐப்பசி எட்டு. அன்றிலிருந்து புதிதாக ஒரு வருசம். பழையதெல்லாம் கணக்கில் இல்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை. பிச்சையையும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவைத்தேன்.

இதை யாருக்காகச் செய்கிறேன்? கேட்டால் கோபம்தான் வருகிறது.

20-1-58

"இன்னும் ஒண்ணரை மாசம்தாண்ணே" என்கிறான் உடையப்பன். எனக்காக நாள் எண்ணுகிறானாம். போடா வேலையைப் பாருடா என்றேன்.

3-3-58, திங்கள்

காலையில் மூன்று பேரும் கொன்னையூர் போய் வந்தோம். செவந்தி அர்ச்சனை செய்தாள். சொர்ணம் கடைத்தெருவில் வளையல் கேட்டு அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். அடுக்களையில் கூஜா சத்தம். எட்டிப் பார்த்தால் செவந்தி துண்டைச் சுற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வருசத்தில் அவள் எனக்கு டீ போட்டதே இல்லை, நான் விட்டதில்லை. எப்போது பார்த்துக் கற்றுக்கொண்டாள்? விடியுமுன் எழுந்து போய் ஊருணித் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறாள். கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதே ஓட்டு நிறம். அதே வாசம்.

"குடிங்க."

டம்ளரைத் தூக்கினேன். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். இப்போது குடித்தால் யாருக்குத் தெரியும்? பிச்சை சொல்லமாட்டான். இவளே கையால் கொடுக்கிறாள். திரும்பக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

அவள் முகம் வாடிப்போனது. நான் போட்டது சரியில்லையா என்றாள். இல்லை என்றேன். எம்மேல இன்னும் கோவமா என்றாள். அதுவும் இல்லை என்றேன். அவள் டம்ளரை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்த ஊருல வச்சுக் குடிச்சீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். கொடும்பாளூர் என்றேன். எப்போது என்றாள். ஐப்பசி எட்டு என்றேன். விரலை மடக்கி எண்ணினாள்.

"அதான் மூணு நாளு அவ தலைமாட்ட விட்டு எந்திரிக்கலையா நீங்க?"

தலையை ஆட்டினேன். இனி அழுவாள், இல்லை அடுப்புக் கரண்டி பறக்கும் என்று காத்திருந்தேன்.

"அந்த டீ நல்லாவாச்சும் இருந்துச்சா?"

"சகிக்கலை செவந்தி. வெல்லம் போட்டுக் காய்ச்சியிருந்தான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மை வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. சந்தோசமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். வாசலில் வளையலை ஆட்டிக்கொண்டிருந்த சொர்ணம் ஓடிவந்து, என்னம்மா, என்னம்மா என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லத்தா. ஒங்கப்பாவுக்கு ஐப்பசி வரைக்கும் டீ கிடையாது" என்றாள் செவந்தி.