விருந்தாளி வந்தால் டிவி ஓடாது

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து சாரல். துவைத்த சேலை இன்னும் கொடியில், ஒரு மாதிரி வாடையோடு. நெய்யூர் கடைத்தெருவில் குடை ரிப்பேர். தேங்காய் எண்ணெய் வாங்க மறந்தாயிற்று.

பிஎச்.டி. கைடு மேடத்துக்குப் போன். (இனி கை.மே. முழுதாக எழுத முடியாது.) ஒரே சத்தம். ‘வெள்ளிக்கிழமை கமிட்டி. வீட்டுல டிவி ஓடும்போது பிள்ளைங்க என்ன கத்துக்கிறாங்கன்னு நேர்ல பார்த்து எழுதச் சொன்னேன். ஒரு வீடாவது வேணும். இல்லேன்னா தலைப்பையே மாத்தச் சொல்லிருவாங்க.’

மாற்றினால் என் கதி அதோகதி. பள்ளிக்கூடத்தில் லீவு போட்டு அலைந்ததெல்லாம் வீண். நான் பார்க்காமலா இருக்கிறேன்? வீடுகளில்தான் டிவி ஓடமாட்டேன் என்கிறது.

உதாரணம், போன வாரம் கொட்டாரத்தில் ஒரு வீடு. தெருமுனை வரை டிவி சத்தம் கேட்டது. நான் செருப்பைக் கழற்றியதும், ‘ஏட்டி, டீச்சர் வந்திருக்காவ, நிறுத்து!’ கப்சிப். பிறகு சாயா, மிக்சர், ஏத்தங்காய் சிப்ஸ். நான் கேட்காமலே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். போன வீடெல்லாம் இதே கதை. என் படிவத்தில், பார்த்த நிகழ்ச்சி: இல்லை. பார்த்த நேரம்: இல்லை. என் ஆய்வுப்படி குமரி மாவட்டத்தில் ஒருவரும் டிவி பார்ப்பதில்லை. எடை மட்டும் எனக்கு ஏறுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

மழை விட்டது. திற்பரப்பு. பஸ் முழுக்க அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள், நான் மட்டும் ஃபைலோடு.

இந்த முறை உஷார். முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன், ‘டிவியை நிறுத்தாதீங்க, எப்பவும் போலப் பாருங்க.’ நிறுத்தவில்லை. குடும்பமே நல்ல துணி உடுத்தி, வரிசையாக, சர்ச்சில் உட்காருகிற மாதிரி. டிவியில் ஆங்கிலத்தில் திமிங்கிலம். வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். சின்னது அம்மா காதில் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது:

‘அம்மா, இவிய எப்பம் போவாவ?’

ராத்திரி வீட்டில் இவரிடம் சொன்னேன். சிரித்துப் புரையேறிவிட்டது மனிதருக்கு. ‘உன் அக்கா இங்க வந்தா நீ மொதல்ல எதத் தேடுவ? ரிமோட்டைத்தான. வந்தவங்க முன்னால டிவி ஓடினா மரியாதை இல்லன்னு சொல்லுகதே நீதான்.’

உண்மைதான். எரிச்சலாக வந்தது. ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

ஜூன் 18, புதன்

குளச்சல் பக்கம், கடற்கரை ஊர். கூட வேலை பார்க்கும் டீச்சருக்குத் தெரிந்த ரெஜினாவின் வீடு. புருஷன் குவைத்தில். மகள் அபிஷா, நாலாம் வகுப்பு. இதுதான் கடைசி வீடு.

வாசலில் கால் வைத்தேன். டிவி அணைந்தது. ‘வாங்க டீச்சர், இரிங்க. சாயா போடுதேன்.’ நாற்காலி வந்தது. அபிஷா புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுக்களை வாசலில் ஒரு பாத்திரம் நிறைய நெத்திலி, பாதி ஆய்ந்தபடி. என்ன நினைத்தேனோ, நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளத் தொடங்கினேன்.

‘அய்யோ டீச்சர், கை நாறும்!’

‘நாறட்டும்.’

ரெஜினா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள். மீன் விலை, என் மாமியார், அவள் நாத்தனார், மழை. பாத்திரம் பாதி குறைந்திருக்கும். அவள் என்னைக் கேட்கவேயில்லை. மகளைப் பார்த்து, ‘ஏட்டி அபி, அந்த டிவியப் போடு. கதை போச்சு.’

டிவி ஓடியது! எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. நெத்திலியைப் பிடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டேன்.

சீரியலில் கோர்ட்டு. நல்ல மருமகள் ஜெயிலில், நாத்தனாரின் பொய் சாட்சி. ரெஜினா டிவியைப் பார்த்து, ‘சவமே, நாக்கு அழுவிப் போவும்!’

‘அம்மா, ஜாமீன்னா என்னம்மா?’ என்றாள் அபிஷா.

‘பிடிச்சி வச்சவள இப்பம் வீட்டுக்கு விடுவாவ. ஆனா கேஸு முடியல்ல, கேட்டியா. கூப்பிடும்பம் வரணும். அதுக்கு ஒரு ஆளு பொறுப்பு ஏக்கணும்.’

‘யாரு பொறுப்பு ஏக்கது?’

‘மாமியாதான். வேற யாரு இரிக்கா?’

‘அந்த மாமியாளா? ஏக்கவே மாட்டா.’

விளம்பரம் முழுக்க இதே வழக்கு. நானும் சும்மா இருந்தேனா? ‘அந்த வக்கீலையும் நம்பக் கூடாது!’ என்று கத்தினேன். அபிஷா என் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை, அவ்வளவு நாற்றம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. படிவம் காலி. ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நினைவிலிருந்து எல்லாம் எழுதி வைத்தேன். கமிட்டி ஏற்குமா? பயம்தான். ஆனாலும் சந்தோஷம்.

ஜூன் 19, வியாழன்

வெயில். சேலை காய்ந்தது, கடைசியில்.

சாயங்காலம் ரெஜினா போன். ‘டீச்சர், இவ பள்ளிக்கூடத்துல செய்த காரியம் தெரியுமா?’ நம்ப முடியாமல், நானே அபிஷாவின் வகுப்பு டீச்சருக்குப் போன் போட்டேன். உண்மைதான். பேசிக்கொண்டிருந்த ஒருத்தியை டீச்சர் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். அபிஷா எழுந்து, ‘டீச்சர், அவள ஜாமீன்ல விடுங்க. நான் பொறுப்பு. கூப்பிடும்பம் வருவா.’

‘சிரிப்ப அடக்க முடியல, விட்டுட்டேன்’ என்றார் அவர்.

சொல் டிவியில் வந்தது. அர்த்தம் அம்மாவிடம் வந்தது. டிவி மட்டும் ஓடி வீடு பேசாமல் இருந்தால் அது காற்றோடு போயிருக்கும். இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். எழுது, எழுது. சோறு குழைந்துவிட்டது, இவர் அப்படியே சாப்பிட்டார். பாவம்.

ஜூன் 20, வெள்ளி

கமிட்டி. கை.மே. என் பக்கமே பார்க்கவில்லை.

வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், சிரிக்கவே தெரியாத முகம். ‘குறிப்பை அங்கேயே ஏன் எழுதலை?’

‘கையெல்லாம் மீன் சார்.’

கை.மே. கண்ணை மூடிக்கொண்டார். செத்தேன் என்று நினைத்தேன். சரி, போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திமிங்கிலம், நெத்திலி, ஜாமீன். ஜாமீனில் பேராசிரியர் சிரித்தார். மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

‘விருந்தாளி வந்தா டிவியை நிறுத்துவாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?’

‘எங்க வீட்லயும் அதே வழக்கம் சார். அதான் கண்ணுல படல.’

‘இதை முதல் அத்தியாயத்துல எழுதுங்க. தலைப்பு மாத்த வேண்டாம். இன்னும் பல வீடு பாருங்க, அந்தந்த வீட்டு வேலையைச் செஞ்சுக்கிட்டே.’

கை.மே. வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கை.மே.!

பஸ் ஸ்டாண்டிலிருந்தே ரெஜினாவுக்குப் போன். ‘ரெஜினா, ஒத்துக்கிட்டாங்க!’

‘ஏட்டி! நெசமாவா? ஏ அபி, டீச்சரு ஜெயிச்சிட்டா!’ அந்தப் பக்கம் ஒரே கூச்சல். ‘நாளைக்கி வா. சாளை மீனு வாங்கி வைக்கேன். நீதான் வெட்டணும், சொல்லிட்டேன்.’

டீச்சர் போய் ஏட்டி ஆகிவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பேராசிரியர் சிரித்ததை, கை.மே. கட்டிப்பிடித்ததை எல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.

‘சரி, வைக்கேன் ஏட்டி. விளம்பரம் முடிஞ்சிட்டு.’

வைத்துவிட்டாள்.