நாலாவது ஸ்ட்ரட்

என்னங்க,

நேரில் கூப்பிட்டாலே முதல் தடவை திரும்பிப் பார்க்காத மனுஷனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போன பிறகு வந்த முதல் திருவிழாவும் முடிந்துவிட்டது. எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. ஒரு சேதி இருக்கிறது. உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் நாலாவது ஸ்ட்ரட் கிடைத்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்கள் என்னவென்று கேட்பார்கள், அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துச் சண்டை விமானத்துக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. மேல் இறக்கையைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கழிதான் ஸ்ட்ரட், பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நாலு. உலகப் போர் முடிந்ததும் அப்படி ஒரு விமானத்தை உடைத்துச் சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில் பழைய இரும்பாகப் போட்டுவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கடைகளில் போய் நின்றீர்கள். ஒன்று கிடைத்தது, அப்புறம் இரண்டு, மூன்று. கட்டிலுக்கு அடியில் அவை, கட்டிலுக்கு மேலே நாம். நீங்கள் தாலி கட்டியது எனக்கா அதுக்கா என்று சண்டை போட்டேன், சிரித்தீர்கள்.

ஊருக்கு வெளியே ஷெட் போட்டுப் பழைய விமானங்களை ஒட்டிக் கட்டுகிறவர்கள், உடம்பையும் கீழ் இறக்கையையும் தயாராக வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருந்தார்கள். இருக்கிற மூன்றைக் கொடுங்கள், நாலாவதைப் புதிதாகச் செய்துகொள்கிறோம் என்றார்கள். அசல் இந்த ஊரில்தான் இருக்கிறது, பொறுங்கள் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். ஆஸ்பத்திரியில்கூடப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பழைய இரும்பு வியாபாரம் உண்டா என்று விசாரித்தீர்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்த வருஷம் நம் நீலசந்திரா மாரியம்மனைத் தூக்க ஆள் சேரவில்லை. வண்டியில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். இனி வேண்டாமென்று பழைய பல்லக்கைப் பிரித்தபோது, முன்பக்கக் குறுக்குக் கழியில் இருந்த மஞ்சள் துணியையும் அவிழ்த்தார்கள். உங்களுக்குத் தெரியாததா? பழைய துணியை அவிழ்த்தால் அபசாரம் என்று வருஷா வருஷம் அதன் மேலேயே புதுசைச் சுற்றுவதுதானே வழக்கம்? அத்தனை சுற்றும் உரிந்த பிறகு உள்ளே என்ன இருந்தது என்று இப்போது புரிகிறதா?

கோயில் கமிட்டியில் இருக்கும் முருகேசு தம்பி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த மூன்றையும் இழுத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். அதே நீளம், அதே தட்டை வடிவம், நுனியில் அதே துளை. துருகூட இல்லை, மஞ்சள் கறை மட்டும்தான். எந்தக் காலத்திலோ பல்லக்கின் மரக்கழி ஒடிந்தபோது குஜிரியிலிருந்து வாங்கிப் போட்டிருப்பார்கள் போல.

“அண்ணி, இந்தக் கழிக்கு எப்பவும் நம்ம அண்ணன்தானே தோள் குடுப்பாரு,” என்றார் அவர்.

ஊரெல்லாம் தேடினீர்களே! திருவிழா மறுநாள் உங்கள் தோள் வீங்கியிருக்கும், அம்மன் பாரம் என்று நினைத்துத்தானே எண்ணெய் தடவிவிடுவேன்? ஒரு வருஷம் முன்னால் இந்த அம்மன் வண்டியில் ஏறியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அவளிடம் நேராகவே கேட்டுவிட்டேன். இன்னும் அவளோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

கோயில் பொருளை வெளியே கொடுக்கலாமா என்று கமிட்டியில் இரண்டு பேர் முனகினார்கள். அண்ணன் தூக்கின தூக்குக்கு இதுகூடக் குடுக்கலேன்னா எப்படி என்று முருகேசு தம்பி அவர்கள் வாயை அடைத்துவிட்டார்.

நேற்று ஷெட்காரர்களின் வேன் வந்து நாலையும் ஏற்றிக்கொண்டு போனது. அப்புறம் வீட்டைப் பெருக்கினேன். இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டே பெருக்கிய இடம். கட்டிலுக்கு அடியில் விளக்குமாறு எதிலும் இடிக்காமல் அந்தப் பக்கம் போனதும் வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்று கன்னடத்தில் ‘ஏனாயித்து’ கேட்கிற அளவுக்கு அழுதேன்.

மேல் இறக்கையை ஏற்றும் நாளில் கட்டாயம் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முருகேசு தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். இந்த நாலாவது எப்படிக் கிடைத்தது என்று அங்கே யாராவது கேட்கத்தான் செய்வார்கள். என் வீட்டுக்காரர் தோளில் சுமந்துகொண்டு வந்தார் என்றுதான் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் பெண்சாதி,
சரசு