திங்கட்கிழமை கணக்கு சார் வருகிறார்

அன்புத் தங்கைக்கு,

எட்டு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இது ஆபீஸ் தபால் இல்லை, பயப்படாதே.

நகரப் பள்ளிகளின் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக நேற்றுப் பெரிய பள்ளியில் பெற்றோர் கூட்டம். அங்கே கணக்குக்கு ஆறு ஆசிரியர்கள், ஆற்றோரம் நீ தலைமை ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் ஒருவர்கூட இல்லை. இரண்டு பேரை உங்களிடம் மாற்றப்போகிறோம் என்றதும் ஒரே கூச்சல். "எங்க பிள்ளைங்க பரீட்சை என்னாவுறது?" என்று ஒருவர் மேடைக்கே வந்துவிட்டார். போன வருஷம் மூடவேண்டிய பள்ளிகள் என்று உன் பள்ளியையும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதியவனுக்கு, நியாயம் பேச என்ன வாய் இருக்கிறது?

அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். முந்தாநாள்வரை எங்கள் திட்டத்துக்கு எதிராக வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியவர்.

"அங்க ஒரு கணக்கு வாத்தியார்கூட இல்லன்னு எங்ககிட்ட யாரும் சொல்லலையே! என் பொண்ணோட சாரையே முதல்ல அனுப்புங்க."

ஆதரவாக ஒரு கை உயர்ந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசை வரிசையாக. இருபது வருஷமாகத் திட்டம் எழுதுகிறேன். மனிதர்கள் இப்படியும் செய்வார்கள் என்று ஒரு பக்கத்திலாவது எழுதியிருப்பேனா?

திங்கட்கிழமை உன்னிடம் சேரவேண்டிய அந்த சாருக்கு உன் பள்ளிக்கு வழி தெரியாதாம். நானே கூட்டிவரட்டுமா? வாசலோடு திருப்பி அனுப்பினாலும் சரி, வந்து நிற்கிறேன்.

உன் அண்ணன்