செந்தூர்வேலுக்குச் சான்று இல்லை

தூத்துக்குடி
6.1.2025

அன்புள்ள டிக்சனுக்கு,

நலமா? பெர்சியும் குழந்தையும் சுகமா? கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி என் கோபத்தைச் சொல்கிறேன்.

செந்தூர்வேலைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் எழுதிய கட்டுரையின் தலையில் நேற்று ஒரு சிவப்புப் பட்டை. “நீக்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை. ஒரு மாதம் கருத்துச் சொல்லலாம்.” பரிந்துரைத்தவர் நீ. அங்கே நீ நிர்வாகி என்பது தெரியும். மூன்று வருடம் ஒரே வகுப்பில் படித்தவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுச் செய்திருக்கக் கூடாதா?

துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டிக்கொண்டே, எந்தக் கம்பெனியையும் நம்பாமல் நான்கு ராப் ஆல்பம் போட்டவன் அவன். எல்லாமே மாப்பிள்ளையூரணியில் ஒரு செல்போன் கடையின் பின்னறையில் பதிவானவை. குலசை தசராவில் அவன் மேடை ஏறினால் வேடம் கட்டியவர்கள்கூட நின்று கேட்கிறார்கள். ‘மூணாம் நம்பர் கிரேன்’ பாட்டை ஒன்பது லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். இவனைக் குறிப்பிடாமல் வேறு யாரைக் குறிப்பிடப் போகிறாய்?

விவாதப் பக்கத்தில் எழுதினால் விதி எண் போட்டுப் பதில் சொல்வாய். அதனால்தான் கடிதம்.

செல்வி


கோயம்புத்தூர்
11.1.2025

அன்புள்ள செல்வி,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம்! பெர்சி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கோபப்படாமல் படி. அவர் பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது எங்கள் கேள்வியே இல்லை. ஒன்பது லட்சம் பார்வைகள் சான்று ஆகாது. பார்வையை விலைக்கு வாங்குகிற காலம் இது. அவரே கொடுத்த பேட்டியும் ஆகாது. அவரோடு தொடர்பில்லாத ஒருவர், ஆசிரியர் குழு உள்ள ஓர் இதழில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அப்படி இரண்டு இருந்தால் போதும். நான் தேடினேன், ஒன்றுகூட இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளிதழ்கூட நான்கு வரி எழுதவில்லை என்றால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
டிக்சன்


தூத்துக்குடி
17.1.2025

டிக்சன்,

விவாதப் பக்கத்துக்கு இரண்டு சான்று அனுப்பினேன். பாளையங்கோட்டைக் கல்லூரி ஆண்டு மலரில் ஒரு மாணவி எழுதிய ஆறு பக்கக் கட்டுரை, மலேசிய வானொலி நிகழ்ச்சி ஒன்று. மலர் “மாணவர் வெளியீடு” என்று போயிற்று. வானொலி “பேட்டி” என்று போயிற்று. ஐந்து பேர் “நீக்கலாம்” என்று போட்டிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் அவன் பாட்டு ஒன்றையாவது முழுதாகக் கேட்டிருப்பார்கள்? ஒரு படத்தில் இரண்டு நிமிடம் வந்து போன நடிகருக்கு உங்களிடம் நீளமான பக்கம் இருக்கிறது. அவர் கல்யாணம் பத்திரிகையில் வந்ததாம். அது சான்றாம்.

செந்தூர்வேலிடம் சொன்னேன். “போகட்டும் எக்கா, பேரு கெடக்கு” என்பான் என்று நினைத்தேன். அவன் லாரி ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தான். “எனக்கு வேணும்க்கா. பேரு வேண்டாம்னு சொல்லுதவன் பொய் சொல்லுதான். வெளியூர்ல பாடக் கூப்பிடுதவன் மொதல்ல இணையத்துலதான் தேடுதான். ஒண்ணும் வரலன்னா, நீ யாருலேன்னு கேக்கான். ஏழு வருசமா தொண்டை கிழியப் பாடுதேன், நான் யாருன்னு நானே போயி சொல்லணுமா?”

இதற்கு உன்னிடம் விதி எண் இருந்தால் எழுதி அனுப்பு.

செல்வி


கோயம்புத்தூர்
22.1.2025

அன்புள்ள செல்வி,

இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். நீ சொல்ல வைக்கிறாய்.

இந்தக் கட்டுரையை நீ எழுதியிருக்கவே கூடாது. ‘மூணாம் நம்பர் கிரேன்’ துறைமுகச் சரக்கு யார்டில் கிரேன் கயிறு அறுந்து செத்த மூன்று பேரைப் பற்றிய பாட்டு. அதில் ஒருவர் உன் அப்பா. பாட்டில் மந்திரமூர்த்தி என்ற பெயர் வருகிறது. உனக்கு அந்தப் பாடகன்மேல் இருப்பது நன்றிக்கடன். துக்கத்தில் எழுதுவது கலைக்களஞ்சியக் கட்டுரை ஆகாது. நடுநிலையான ஒருவர் பார்த்தால் இதைத்தான் சொல்வார்.

வருத்தப்படாதே. அப்பாமேல் எனக்கும் மரியாதை உண்டு.

டிக்சன்


தூத்துக்குடி
29.1.2025

டிக்சன்,

நேற்று ஜீவமணி அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். நீ நிருபராக இருந்த பத்திரிகைக்குப் படம் எடுத்தவர். செந்தூர்வேல் படம் ஏதாவது அச்சில் வந்ததா என்று கேட்கத்தான் போனேன்.

“ஏளா, அச்சுல வரலன்னா எழுதலன்னு அர்த்தமா? நம்ம டிக்சன் எழுதுனாம்லா, அரைப்பக்கம். ரெண்டு பேருந்தான் போனோம். அந்தப் பய லாரி பானெட்டுல உக்காந்து பாடுத படம் இன்னும் எங்கிட்ட கெடக்கு.”

பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“பக்கம் போட்டு முடிச்சாச்சு. சாயங்காலம் அவனே வந்து எடுத்துட்டான். அந்தப் பாட்டுக்காரன் சொல்லுததுல உண்மை இல்லன்னு ஆசிரியருகிட்ட சொல்லிட்டான்.” பிறகு என்னிடமே திருப்பிக் கேட்டார். “அன்னைக்கு அந்த யார்டுல சூப்பர்வைசரு யாருன்னு ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது, டிக்சன். அவர் சொல்லித்தான் தெரிந்தது. விபத்து வழக்கில் ஒப்பந்தக்காரர் பெயர் மட்டும்தான் வந்தது. ஷாம் திருச்சியில் வேலை பார்ப்பதாகத்தான் நீ எங்களிடம் சொல்லியிருந்தாய். உன் தம்பி ஷாம்!

ஒரு நாளிதழ்கூட நான்கு வரி எழுதவில்லை என்று எனக்கு எழுதினாயே, எந்தக் கையால் எழுதினாய்? எழுதியவனும் நீ, எடுத்தவனும் நீ, இப்போது “இல்லை” என்று முத்திரை குத்துகிறவனும் நீ. எனக்கு நடுநிலை சொல்லிக்கொடுக்கிறாய். அப்பாவின் முதல் வருட நினைவு நாளில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாய். அம்மா உனக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றினாள். அது தொண்டையில் இறங்கியதா?

மரியாதை உண்டு என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை என் அப்பா பெயருக்குப் பக்கத்தில் இனி எழுதாதே.

சுடலைச்செல்வி


கோயம்புத்தூர்
7.2.2025

செல்வி,

எல்லாம் உண்மை. உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

பாட்டின் இரண்டாம் சரணம் உனக்கு மனப்பாடம். “கயிறு நைஞ்சு கெடக்குன்னு காலைல சொன்னோம், கையெழுத்துப் போட்டவன் காதுல விழல.” அந்தக் கையெழுத்து ஷாமுடையது. கப்பல் காத்திருக்கிறது, ஓட்டு என்று சொல்லியிருக்கிறான். செந்தூர்வேல் பெயர் சொல்லவில்லை. ஆனால் என் செய்தி வந்திருந்தால் அடுத்த நாளே எல்லோரும் யார் அந்தக் கையெழுத்து என்று கேட்டிருப்பார்கள். ஷாமுக்கு அப்போது கல்யாணமாகி நாலு மாதம். எங்கள் ஊர் நாசரேத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எடுத்துவிட்டேன். ஒரு நல்ல பாடகனைப் பொய்யன் என்று சொல்லித்தான் எடுக்க முடிந்தது.

உன் கட்டுரையில் அந்த இரண்டு வரியை நீ மேற்கோள் காட்டியிருந்தாய். பார்த்ததும் என் கை பரிந்துரையை அழுத்திவிட்டது. விதி அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பரிந்துரையைத் திரும்பப் பெற்றேன். காரணத்தை ஒளிக்காமல் விவாதப் பக்கத்தில் எழுதினேன். நிர்வாகி பொறுப்பை விட்டுவிட்டேன். ஆனாலும் கட்டுரை நேற்று முன்தினம் நீக்கப்பட்டுவிட்டது. என் வாக்குமூலம் அவர்களுக்குச் சான்று ஆகாது. வராத செய்தி வராத செய்திதான்.

பழைய செய்தியை, ஜீவமணி அண்ணாச்சியின் படத்தோடும் ஷாமின் பெயரோடும், வேறொரு நாளிதழுக்கு அனுப்பியிருக்கிறேன். ஷாமிடம் முன்பே சொன்னேன். “ஏம்ணே, ஆறு வருசம் பொத்தி வச்சிட்டு இப்பம் போயி ஏன்?” என்று மட்டும் கேட்டான். அதன்பிறகு போன் எடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லை.

டிக்சன்


தூத்துக்குடி
4.3.2025

டிக்சன்,

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உன் செய்தி வந்துவிட்டது. முக்கால் பக்கம். யார்டு வாசல் டீக்கடையில் பத்து மணிக்குள் பேப்பர் தீர்ந்துவிட்டது. செந்தூர்வேல் நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தான். “நல்லாத்தான் எழுதியிருக்கான், நாசமாப் போறவன்” என்றான். திங்கட்கிழமை அப்பாவோடு செத்த மற்ற இருவரின் வீட்டுக்காரர்களும் நானுமாகப் போய் வழக்கைத் திரும்ப எடுக்க மனுக் கொடுத்தோம். மனுவோடு உன் செய்தியை இணைத்திருக்கிறோம். ஷாமுக்குச் சம்மன் வரும். நீ வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

கலைக்களஞ்சியத்தில் கேட்டேன். இந்துமதி என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்: “ஒரு சான்று கிடைத்திருக்கிறது, இன்னொன்று வரட்டும், நானே கட்டுரையைத் திறந்து தருகிறேன்.” அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தது என்று சொல்கிறார். இன்னொன்று வரும், அவன் பாடுவதை நிறுத்தப் போவதில்லை.

அம்மாவிடம் பேப்பரைக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். மேலே உன் பெயர். உள்ளே உன் தம்பி பெயர். அவளுக்கு நீ இன்னமும் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவருகிற பிள்ளைதான். கத்தரிக்கோலை எடுத்து உன் பெயரை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்தேன். ஷாம் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “இது நம்ம டிக்சன் தம்பியாளா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பேப்பரை மடித்து மடியில் வைத்தாள். பிறகு, “பாவம், டிக்சனுக்கு இது தெரியுமோ என்னமோ” என்றாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. அது என் வேலை இல்லை.

இனி எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு எழுது. விலாசம் உனக்குத் தெரியும்.

மந்திரமூர்த்தி மகள்,
சுடலைச்செல்வி